மார்புப் படத்தில் தெரிந்த வடு



கடந்த ஆடி மாதத்தில், காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பங்கு இல்லத்து வாசலில் 27 வயது இளைஞன் ஒருவன் வந்து நின்றான். கையில் சுருட்டிய எக்ஸ்ரே படம். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள். "சாமி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியும். ஏன் எழுதுனாங்கன்னுதான் தெரியல" என்றான். தாளை விரித்துப் பார்த்தேன். ‘அன்ஃபிட்’ என்ற ஒரே சொல். தகுதியற்றவர் என்பது அதன் பொருள்.

குவைத்தில் கனரக வாகனம் ஓட்டும் வேலை அவனுக்கு உறுதியாகியிருந்தது. அவனுடைய தாயார் அவ்வாண்டு உளுந்து விற்ற பணத்தோடு, தாலிச் சங்கிலி நீங்கலாக வீட்டிலிருந்த நகை அனைத்தையும் அடகு வைத்து, முகவர் ஒருவரிடம் 1,20,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். அதன் பிறகுதான் மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள். மார்பின் வலப்புற மேற்பகுதியில் பழைய காசநோயின் வடு இருப்பதாகப் படம் காட்டிவிட்டது. உண்மைதான்; பதினெட்டாம் வயதில் அவனுக்கு அந்நோய் வந்தது. ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை உண்டு முற்றிலும் குணமானான். கோவில் திருவிழாவில் சப்பரம் தூக்குவோரில் முன்வரிசையில் நிற்பவன் அவன். "எனக்கு இப்ப ஒரு சீக்கும் இல்லையே, சாமி?" என்று அவன் கேட்டபோது, அக்கேள்வியின் நியாயத்தை மறுக்க என்னால் இயலவில்லை.

இவ்வட்டாரத்தில் வெளிநாட்டுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெரு அரிது. ஆகவே அவனுக்கு நான் சொன்னதையும், சொல்வதற்காக நான் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கடல் கடந்து பிழைக்கச் செல்லும் தமிழனை வாயிலில் நிறுத்தி உடலைச் சோதிப்பது புதிய வழக்கமன்று. 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் நாட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு முதற்கூட்டம் சென்ற காலத்திலேயே, கப்பலேறுமுன் மருத்துவர் பார்த்து அனுமதிக்கும் முறை இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர், மண்டபத்து முகாமில் நாள்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். காலரா, பெரியம்மை, பிளேக் ஆகியவை அவர்களோடு கடல் தாண்டிவிடலாகாது என்பதே காரணம். இன்றும் அவ்வூரை ‘மண்டபம் கேம்ப்’ என்றுதான் அழைக்கிறோம். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தங்கியதும் அவ்விடத்திலேதான். நியூயார்க்கு அருகே எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஐரோப்பிய ஏழைகளின் மேற்சட்டையில், மருத்துவர்கள் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தை எழுதுவார்களாம். இருதயக் கோளாறு என்று ஐயுற்றால் ஓர் எழுத்து, கண்நோய்க்கு ஓர் எழுத்து, நொண்டிக்கு ஓர் எழுத்து. சட்டையைப் புரட்டி அணிந்து தப்பியவர்களும் உண்டென்பர். இன்று சுண்ணக்கட்டியின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது. சட்டையைப் புரட்டி அணிய இனி வழியில்லை.

வளைகுடா நாடுகள் ஆறு: சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன், ஓமன். இவை ஆறும் தம்முள் ஒத்துக்கொண்ட ஒரே விதிமுறையின்படி, தாம் ஏற்றுக்கொண்ட மருத்துவ மையங்களில் மட்டுமே சோதனை செய்யச் சொல்கின்றன. ‘காம்கா’ என்று நம் பிள்ளைகள் சொல்லிப் பழகியது இதனைத்தான். அண்மை ஆண்டுகளில் ‘வாஃபித்’ என்ற பெயரில் முன்பதிவு நடக்கிறது. இரத்தம், சிறுநீர், மலம் சோதிக்கிறார்கள். மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கண், காது, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்னும் வகைகள், காசநோய் ஆகியவை இருந்தால் அனுமதியில்லை. கட்டுக்கடங்காத நீரிழிவும், கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பும், சிறுநீரகம், ஈரல், இருதயம் ஆகியவற்றின் முற்றிய நோய்களும் அப்பட்டியலில் உள்ளன. ‘கட்டுக்கடங்காத’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

காசநோயைப் பொறுத்தவரை அவ்விதி நோயோடு நிற்பதில்லை. நோய் போன தடத்தையும் பிடிக்கிறது. நுரையீரலின் மேற்பகுதியில் இக்கிருமி தங்குவது வழக்கம். மருந்தால் கிருமி மடிந்தபின், புண் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதுபோல, அங்கே நாரும் சுண்ணமும் படிந்து ஒரு வடு நிலைத்துவிடுகிறது. சிலருக்கு அது மங்கலான கீற்று; சிலருக்குத் தெளிவான வெள்ளைத் திட்டு. அதிலிருந்து ஒருவருக்கும் நோய் பரவாது. ஆனால் ஒரே ஒரு படத்தைப் பார்த்து, ‘இது ஆறிய வடு, இது ஆறாத புண்’ என்று எம்மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சளியைப் பயிர்செய்து பார்க்க வேண்டும். அதற்கு எட்டு வாரம் வரை ஆகலாம். அல்லது சில மாத இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட வேண்டும். நாள்தோறும் வந்து குவியும் தொழிலாளருக்காக இத்தனை பாடுபட வளைகுடா நாடுகள் விரும்பவில்லை. ஓர் அறையில் பலர் நெருங்கித் துயிலும் தொழிலாளர் விடுதியில் ஒருவருக்கு நோயிருந்தால் அனைவருக்கும் ஆபத்து என்ற அச்சமும் அவற்றுக்கு உண்டு. ஆகவே வடுவென்றாலே ‘தகுதியற்றவர்’ என்று எழுதிவிடுவது எளிதாகிவிட்டது. உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழும் நம் நாட்டின் ஏழைகளுக்கு இது கொடிய விதி என்பதே என் எண்ணம். ஆனால் வீட்டுக்காரன் தன் கதவுக்குப் போடும் தாழ்ப்பாளை நாம் வெளியே நின்று கழற்ற முடியாது.

மற்ற தாழ்ப்பாள்கள் வேறு விதமானவை என்பதை அந்த இளைஞன் அறிந்திருக்கவில்லை. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இந்தியர் காசநோய்ச் சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். படத்தில் ஐயம் தோன்றினால் சளியைப் பயிர்செய்து பார்ப்பார்கள். கிருமியில்லையென்றால் சான்றிதழ் கிடைக்கும். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் இவ்வாறே. பழைய வடுவுள்ளவரை அனுமதித்து, அங்கே சென்றபின் மருத்துவரிடம் வந்து காட்டிக்கொள்ளும்படி நிபந்தனை விதிப்பது அந்நாடுகளில் வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவரை நுழைய விடாத தன் விதியை அமெரிக்கா 2010-இல் நீக்கிவிட்டது. கனடா, ஒருவரது நோய்க்காகத் தன் அரசு செலவிட நேரும் தொகை ஒரு வரம்பை மீறினால் மறுப்பதுண்டு. அவ்வரம்பை 2018-இல் மூன்று மடங்காக உயர்த்தியது. அங்குள்ளவரின் மனைவி அல்லது கணவரையும், சார்ந்துவாழும் பிள்ளைகளையும் அச்செலவைக் காட்டித் தடுப்பதில்லை. அதே நுரையீரல், அதே வடு; ஒரு வாயிலில் மறுப்பு, மறு வாயிலில் அனுமதி. அந்தத் தாளில் எழுதியிருந்தது குவைத்தின் விதியே அன்றி அவனுடைய உடலைப் பற்றிய தீர்ப்பன்று என்று அவனுக்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஊரில் அவன் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கும் பேச்சு தொடங்கிவிட்டது. ‘பையனுக்கு ஏதோ சீக்காம்’ என்று பெண் வீட்டாருக்குச் சொன்னவர் யாரோ, அவர் திருப்பலிக்கு வருபவராயின் இதையும் படிப்பாராக.

காசநோயைக் குடும்பத்தின் மானத்தோடு முடிச்சுப் போடுவது நம்மவரின் பழைய பிழை. நோயாளியைத் தொலைதூரச் சானடோரியத்துக்கு அனுப்பி ஊர்க்கண்ணிலிருந்து மறைத்த காலம் ஒன்றிருந்தது. தாம்பரத்தில் 1928-இல் அத்தகைய ஒன்றை நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். அங்கே இடம் கிடைக்காத ஏழைகள் என்ன செய்வது? அதற்கு விடை கண்டதும் நம் சென்னையே. 1956-இல் அங்கு அமைந்த காசநோய் மருந்தாய்வு மையம், நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், மறு பகுதியினரை அவரவர் வீட்டிலுமாக வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. இரு சாராரும் ஒன்றுபோலவே குணமாயினர். வீட்டிலிருந்து மருந்துண்டவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் கேடு விளையவில்லை. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. இன்று உலகின் எம்மூலையிலும் காசநோயாளி தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாத்திரை விழுங்குகிறாரெனில், அது சென்னைச் சேரி மக்கள் தந்த கொடை.

இனி, இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். ‘கட்டுக்கடங்காத’ நிலையில் இருந்தால்தான் தடை என்றேன். ஆனால் நம்மவர் செய்வது என்ன? நாள்தோறும் உண்ணும் மாத்திரை இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும் என்றஞ்சி, சோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கோவில்பட்டியில் இரவு வண்டியேறி, பொதுப்பெட்டியில் கண்விழித்து, காலையில் மூன்று குவளைத் தேநீர் அருந்தி, மருத்துவர் முன் போய் நிற்கிறார்கள். அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? மாத்திரையை மறைப்பதால் நோய் மறைவதில்லை. அடங்கியிருந்த நோய்தான் வெளியே வந்துவிடுகிறது. நீரிழிவிலோ, கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனையே வந்துவிட்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்து அதனை ஏமாற்ற முடியாது. மாறாக, மூன்று மாதம் ஒழுங்காக மருந்துண்டு, முந்தின நாளே சென்று உறங்கி, வழக்கமான மாத்திரையை வழக்கம்போல் உண்டு, மருத்துவரின் சீட்டையும் கையோடு கொண்டு சென்றால் தேறுவோர் பலர். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் சர்க்கரை மாத்திரையை மட்டும் எப்பொழுது உண்பதென்று முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இம்மருந்துகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கத்தான் நமக்குத் தெரிகிறது.

செவிலியர் பணிக்குச் செல்லும் பெண்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி போட்ட சில நாள்களுக்கு, நோயே இல்லாதவரின் இரத்தத்திலும் கிருமியின் மேலுறைப் பொருள் தென்படலாம். ஆகவே அத்தடுப்பூசியைச் சோதனைக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்வது நலம். வேறொன்று, சிறிய செய்திதான்: உள்சட்டையில் ஊக்கால் குத்திய மாதா பதக்கமும், கழுத்து உத்தரியத்தின் உலோக வளையமும் எக்ஸ்ரே படத்தில் வெள்ளை நிழலாக விழும். படம் எடுக்கும் நேரத்துக்குக் கழற்றி வைப்பதனால் அன்னை கோபித்துக்கொள்ள மாட்டார்.

முகவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘அன்ஃபிட்’ தாளோடு திரும்பிய அதே வாரத்தில், அவ்விளைஞனை ஒருவர் அணுகினார். இன்னும் 40,000 ரூபாய் கொடுத்தால், வேறொருவரை அவன் பெயரில் படம்பிடிக்க நிறுத்தி ‘ஃபிட்’ என்று வாங்கித் தருவதாகச் சொன்னாராம். அவன் அன்று என்னிடம் வந்ததே அதைப் பற்றிக் கேட்கத்தான் என்பது பிறகே எனக்கு விளங்கிற்று. பொய் பாவம் என்று நான் தொடங்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். அங்கே போய் இறங்கியபின் தங்கும் உரிமைச் சீட்டுக்காக மறுபடியும் மார்பைப் படம்பிடிப்பார்கள் என்பதைச் சொன்னேன். அங்கே வேறொருவர் மார்பைக் காட்ட முடியாது. திருப்பி அனுப்பப்படுவான், விரல் ரேகை பதிவாகிவிடும், கடன் அப்படியே நிற்கும். அவன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப அந்த நாப்பதாயிரம் மிச்சம், சாமி" என்றான். சிரிக்கவுமில்லை.

முன்பணத்தை மீட்பது எளிதாக இருக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. 1,20,000 ரூபாயை இரசீதின்றி வாங்கியவர் பதிவு பெற்றவரல்லர். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்ன பிறகே அவரிடமிருந்து 70,000 ரூபாய் திரும்பியது. மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. அங்கே முதலில் விசாரிக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடாவுக்குச் செல்லுமுன் கட்டாயமாக எடுக்கும் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்னும் காப்பீட்டில், சென்ற 12 மாதத்துக்குள் உடல் தகுதியில்லையென்று முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் திரும்பும் விமானக் கட்டணம் உண்டு. அந்தத் தாளைத் தூர எறியாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடன் வாங்குவதற்கும் முன்னதாக, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒரு மார்புப் படமும், இரத்தச் சோதனையும், அழுத்தமும் பார்த்துவிடுங்கள். அதற்காகும் செலவு, அடகு நகையின் ஒரு மாத வட்டிக்கு ஈடாகாது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அவ்விளைஞனின் வீட்டுக்கு ஒரு மாலை சென்றிருந்தபோது, அடுப்படிக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவனுடைய தங்கை. செவிலியர் படிப்பின் கடைசி ஆண்டு, விடுமுறைக்கு வந்திருந்தாள். எத்தனை நாளாய் இருமல் என்று கேட்டேன். தாயார் தரையைப் பார்த்தபடி, "ஏழு வாரமா இருக்கு, சாமி. மருந்துக்கடையில தண்ணி மருந்து வாங்கிக் குடுத்தேன்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையம் அருகில்தானே இருக்கிறது என்றதற்கு, அவர் சொன்ன விடை என்னை உறங்கவிடவில்லை. "அங்க போனா எழுதிருவாங்க. அண்ணனுக்கு நடந்தது இவளுக்கும் நடந்தா, இவ எப்படி வெளிநாடு போவா?"

ஒரு தாய் தன் மகளின் எதிர்காலத்தைக் காப்பதாக எண்ணி, அதையே அரித்துக்கொண்டிருந்தார். எழுதும் பதிவேட்டிலா வடு விழுகிறது? நுரையீரலில் அல்லவா விழுகிறது! இரண்டு வாரத்து இருமலிலேயே மருந்து தொடங்கியவருக்குப் பெரும்பாலும் சிறு தழும்போ, சில வேளைகளில் ஒன்றுமே தெரியாமலோ போய்விடும். ஏழு வாரம், பத்து வாரம் என்று மறைக்க மறைக்கப் புண் அகலும், வடுவும் அகலும். அண்ணனுக்கு நோய் வந்தபோது அவள் அவனோடு ஒரே பாயில் உறங்கிய சிறுமி. அன்று உட்புகுந்த கிருமி ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போதெல்லாம் நோயாளியோடு வாழ்பவருக்கு அவ்வாறு நேராதிருக்கத் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். அதற்கும் வீட்டார் பெயரை எழுதிக்கொள்ள விட வேண்டும்.

மறுநாள் காலையில் மூவருமாகக் குருவிகுளம் சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். சளியில் கிருமி இருந்தது. மருந்து இலவசம், சிகிச்சைக் காலத்தில் உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய். மருந்து தொடங்கிய சில நாளில் சிறுநீர் செந்நிறமாகக் கண்டு தாயார் அலறியடித்து ஓடிவந்தார். மாத்திரையின் நிறமே அது என்று செவிலியர் மாணவியான மகளே அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. இப்போது ஐந்தாம் மாதம். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, படிப்புக்கும் திரும்பிவிட்டாள். அவளுடைய படத்தில் வடு தங்குமா என்பதைச் சிகிச்சை முடிந்ததும் எடுக்கும் எக்ஸ்ரே காட்டும்.

வெளிநாடு செல்வோரின் பாதுகாவலியாக 1950-இல் திருச்சபை அறிவித்த புனித பிரான்செஸ் கப்ரினி, இளமையில் துறவு மடத்தில் சேரக் கேட்டபோது உடல்நலம் போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டவர். இதை அத்தாயாரிடம் சொன்னபோது, "அவங்களுக்கும் அன்ஃபிட்டா?" என்று வியந்து, பல மாதங்களுக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தார்.

அண்ணன் திருப்பூரில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். நிச்சயதார்த்தம் நின்றுவிடவில்லை, தை மாதத்துக்கு ஓலை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். சென்ற ஞாயிறன்று தாயார், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சை முடிந்ததற்கான மகனின் பழைய சீட்டையும் கொண்டுவந்து, இவற்றை எரித்துவிடலாமா என்று கேட்டார். நாளை வேறொரு நாட்டின் மருத்துவர் ‘இந்த வடு எத்தனை ஆண்டாக இப்படியே இருக்கிறது?’ என்று கேட்டால் விடை சொல்லப்போவது அப்படங்களே என்றேன். சுருட்டாமல், மடிக்காமல், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு இருக்கும் தகரப் பெட்டியில் அடியில் விரித்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.